அழிக்கும் உரிமை யாருக்கு? கூட்டாகக் கதை எழுதிய மூன்று இணையக் குழுக்கள்

2007 பிப்ரவரி 1ஆம் தேதி, பிரிட்டனின் பெங்குவின் பதிப்பகமும் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு விக்கி தளத்தைத் திறந்தன. ‘எ மில்லியன் பெங்குவின்ஸ்’ என்று அதற்குப் பெயர். கலைக்களஞ்சியத்தையே ஊர்கூடி எழுத முடிகிறது, நாவலை ஏன் எழுத முடியாது என்பதுதான் அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். எந்த வரியையும் எழுதலாம். அடுத்தவர் எழுதியதை மாற்றலாம், அழிக்கலாம். ஐந்து வாரம் நடந்தது. மார்ச் 7ஆம் தேதி மூடிவிட்டார்கள்.

ஆள் சேராமல் போகவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் சுமார் 75,000 பேர். ஏறக்குறைய 1,500 பேர் பெயர் பதிந்துகொண்டார்கள். 11,000க்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்தன. உலகிலேயே அதிகம் படிக்கப்பட்ட நாவலாக இல்லாவிட்டாலும், அதிகம் பேர் எழுதிய நாவல் இதுவாக இருக்கலாம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஆனால் முடிவில் மிஞ்சியதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒருவர் கதையாகப் படித்துவிட முடியாது. ஒரு அத்தியாயத்தில் இருந்த ஆள் அடுத்ததில் வேறு ஆளாக இருந்தார். கதை பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பக்கங்கள் முளைத்தன. ஒருவர் வந்து பக்கம் பக்கமாக வாழைப்பழத்தை நுழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருடைய வாழைப்பழங்களுக்கென்று தனிப் பதிப்பே ஒதுக்க வேண்டியதாயிற்று. மாற்றங்கள் வந்த வேகத்தில் மேற்பார்வையாளர்களால் படிக்கவே முடியவில்லை. தினமும் சில மணி நேரம் எழுதுவதை நிறுத்தி வைத்து, அந்த நேரத்தில் மட்டும் படித்தார்கள்.

டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மேசனும் சூ தாமசும் 2008இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். நாவலாகப் பார்த்தால் தோல்வி, ஒரு திருவிழாவாகப் பார்த்தால் சுவையான நிகழ்வு என்ற திசையில் அவர்கள் பார்வை போகிறது. அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் ஒரு குழுவைக் கூட்டி உட்காரவைத்துக் கதை எழுத நினைக்கிறவர்களுக்குத் திருவிழா போதாது. எழுதியது நிற்க வேண்டும். ஏன் நிற்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

வாழைப்பழக்காரரைக் குறை சொல்வது சுலபம். நான் அந்த நிகழ்வைப் பற்றிப் படிக்கப் படிக்க, கோளாறு அவரிடம் இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நல்ல எண்ணத்தோடு வந்தவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். தனக்குப் பிடிக்காத வாக்கியத்தை எடுத்துவிட்டுத் தனக்குப் பிடித்ததை வைத்தார்கள். கலைக்களஞ்சியத்தில் இது பலிக்கும், ஏனென்றால் தஞ்சைப் பெரிய கோயில் எந்த நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று சண்டை வந்தால் கல்வெட்டைக் காட்டிச் சண்டையை முடிக்கலாம். கதையில் வரும் சித்தப்பா குடிகாரரா இல்லையா என்று சண்டை வந்தால் எதைக் காட்டுவது? இருவர் சொல்வதும் சரிதான். அப்படியிருக்க, எல்லோருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும் உரிமையைக் கொடுத்தால், கடைசியாக உள்ளே வந்தவர் எழுதியதுதான் கதை.

இதை நான் சின்ன அளவில் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் 11 பேர் வாட்ஸப்பில் ஒரு தொடர்கதை எழுதினோம். வாரம் ஒருவர், ஆளுக்கு ஒரு அத்தியாயம். அழிக்கும் வசதி அங்கே கிடையாதுதான். ஆனால் கதைக்குள்ளேயே அழிக்கலாம் அல்லவா? நாலாவது அத்தியாயத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு முதியவரை அவ்வளவு அன்போடு உருவாக்கியிருந்தார். ஐந்தாவது அத்தியாயக்காரர் அவரை லாரியில் அடித்துக் கொன்றுவிட்டார். விறுவிறுப்பு வேண்டும் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. “தம்பி, நீ சாகடிச்ச ஆளு எங்க பெரியப்பாடா” என்று மட்டும் அந்த அக்கா எழுதினார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஆறாவது அத்தியாயத்தில் ஒருவர் அந்த முதியவரைக் கனவு என்று சொல்லி எழுப்பிவிட்டார். ஏழாவது வரவே இல்லை.

அதனால்தான் மற்ற இரண்டு குழுக்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றுமே 2007இல் தொடங்கியவை என்பது தற்செயல். மூன்றும் அழிக்கும் உரிமையை மூன்று விதமாக வைத்துக்கொண்டன என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

எண் 173

பெங்குவின் தளம் மூடிய சில மாதங்களில், 2007 ஜூனில், யாரும் பெயரில்லாமல் பதிவிடக்கூடிய ஃபோர்சான் என்ற இணைய மன்றத்தின் அமானுஷ்யப் பகுதியில் பெயர் சொல்லாத ஒருவர் ஒரு சிறு குறிப்பைப் போட்டார். எஸ்சிபி-173 என்று அதற்கு எண். ‘சிறப்பு அடைப்பு முறைகள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எஸ்சிபி. கான்கிரீட்டால் செய்த ஒரு சிலை, பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது, கண்ணை எடுத்தால் பாய்ந்து கழுத்தை முறித்துவிடும். இவ்வளவுதான் கதை. அது எழுதப்பட்ட விதம்தான் புதிது. ஏதோ ஒரு ரகசிய நிறுவனத்தின் அலுவலகக் கோப்பு போல இருந்தது. அறைக்குள் மூவருக்குக் குறையாமல் போக வேண்டும், போனதும் கதவைப் பூட்டிவிட வேண்டும், எல்லோரும் வெளியே வரும்வரை இருவர் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. நம் ஊர் அரசுக் கடிதம் ‘பொருள்’, ‘பார்வை’ என்று தொடங்குமே, அந்த மாதிரி உணர்ச்சி இல்லாத நடை. அந்த நடையில் சொன்னதால்தான் பயம் வந்தது.

படித்தவர்கள் அதே அச்சில் தாங்களும் எழுதினார்கள். 2008இல் அதற்கென்று ஒரு விக்கி வந்தது, அதே ஆண்டின் நடுவில், விக்கிகளுக்கு இடம் தரும் விக்கிடாட் தளத்துக்கு மாறியது. எஸ்சிபி ஃபவுண்டேஷன் என்று இன்று அறியப்படுவது அதுதான். ஆயிரம் ஆயிரமாக எண்கள் நிரம்பி, ஏழாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டன. இவை போக, அதே உலகில் நடக்கும் சாதாரணக் கதைகள் வேறு. ரஷ்யம், ஜப்பானியம், கொரியம், சீனம், பிரெஞ்சு, போலிஷ், ஸ்பானியம், தாய்லாந்து மொழி என்று பல மொழிகளில் கிளைகள் உண்டு. அந்தக் கிளைகள் மொழிபெயர்ப்போடு நிற்காமல் சொந்தமாகவும் எழுதுகின்றன. 2012இல் பின்லாந்துக்காரர் ஒருவர் இதை வைத்து இலவசக் கணினி விளையாட்டு செய்தார், அதன் வழியாக இன்னொரு பெரும் கூட்டம் உள்ளே வந்தது.

ஐந்து வாரத்தில் நின்றதும் இன்றுவரை நடப்பதும் ஒரே வகை மென்பொருளில்தான் நடந்தன. இரண்டும் விக்கி. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

முதல் விஷயம் அந்தக் கோப்பு வடிவம். பொருளின் எண், அதன் வகை, அதை அடைத்து வைக்கும் முறை, அப்புறம் விவரம். இந்த நாலு பெட்டியும் எல்லோருக்கும் பொது. வகைகளிலும் அடிப்படையில் மூன்றுதான்: பூட்டி வைத்தால் போதும் என்றால் ‘சேஃப்’, நடத்தையைக் கணிக்க முடியாவிட்டால் ‘யூக்ளிட்’, அடைத்து வைக்கவே படாதபாடு பட வேண்டும் என்றால் ‘கீட்டர்’. பதினைந்து வயதுப் பையனும் இதைப் பார்த்துவிட்டு அன்றிரவே எழுத உட்காரலாம். அதைவிட முக்கியமானது, பலர் சேர்ந்து எழுதும் கதையில் வாசகருக்கு முதலில் உறுத்துவது குரல் மாறுவதுதான். ஒருவர் மெல்லப் பேசுவார், அடுத்தவர் கத்துவார். அலுவலகக் கோப்பின் நடை அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. எழுதியவர் யாரானாலும் பேசுவது அந்தப் பெயரில்லாத குமாஸ்தாதான். சொல்ல வேண்டாததைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிடும் வசதியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விளக்கம் தர வேண்டிய சுமையிலிருந்து அது புதிய எழுத்தாளரை விடுவிக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் குறுந்தொகை நினைவுக்கு வந்தது. 401 பாடல்கள், 200க்கும் மேற்பட்ட புலவர்கள். ஆனால் எல்லோரும் பாடுவது ஒரே உலகத்தை. தலைவி, தலைவன், தோழி, செவிலி. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. நிலம், பொழுது, பூ, பறவை எல்லாம் முன்கூட்டியே தீர்மானமானவை. பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் பொதுவாக வைத்துவிட்டு, பாட்டை மட்டும் அவரவருக்கு விட்டார்கள். ஐங்குறுநூறு இன்னும் ஒருபடி மேலே. 500 பாட்டு, ஐந்து புலவர்கள், ஆளுக்கு ஒரு திணை, திணைக்கு நூறு. மருதம் ஓரம்போகியாருக்கு, நெய்தல் அம்மூவனாருக்கு, குறிஞ்சி கபிலருக்கு, பாலை ஓதலாந்தையாருக்கு, முல்லை பேயனாருக்கு. பேயனாரின் முல்லைக்குள் கபிலர் வந்து திருத்தவில்லை. பிரித்துக்கொள்வதும் சேர்ந்து எழுதுவதில் ஒரு பகுதி என்பதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

எஸ்சிபியிலும் அப்படித்தான். ஒருவர் எழுதிய கோப்பு அவருடையது. எழுத்துப் பிழையைத் திருத்தலாம். கதையை மாற்ற வேண்டுமானால் எழுதியவரிடம் கேட்க வேண்டும். விக்கி மென்பொருள் எல்லோரையும் எல்லாவற்றிலும் கைவைக்க விடும், ஆனால் குழுவின் வழக்கம் விடாது.

சரி, மோசமாக எழுதியதை என்ன செய்வது? அங்கேதான் வாக்கு வருகிறது. உறுப்பினர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் கூட்டல் அல்லது கழித்தல் போடுவார்கள். கணக்கு கழித்தல் 10க்குப் போனால் அது நீக்கும் வரிசைக்கு வந்துவிடும். கவனியுங்கள், நீங்குவது முழுக் கோப்பு. வரி வரியாக யாரும் வெட்டுவதில்லை. அழிக்கும் உரிமை கூட்டத்திடம் இருக்கிறது, ஆனால் முழுதாக ஏற்பது அல்லது முழுதாக விடுவது என்ற ஒரே வடிவத்தில்தான் அதைப் பயன்படுத்த முடியும். பெங்குவின் தளத்தில் ஒரு தனி ஆள் இன்னொருவரின் அரை வாக்கியத்தை அழிக்க முடிந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

கதைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால்? முரண்படட்டும் என்றார்கள். அந்த உலகத்துக்கு அதிகாரபூர்வ வரலாறு கிடையாது. இதற்கு மிக அழகான உதாரணம் எண் 001. வரிசையின் முதல் எண் என்பதால் அந்த நிறுவனத்தின் மூல ரகசியம் அதில்தான் இருக்க வேண்டும், எல்லோருக்கும் அதை எழுத ஆசை. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல். அதனால் அந்த எண்ணைத் திறந்தால் பலர் எழுதிய பல 001கள் வரிசையாக இருக்கும். உண்மையானது இவற்றில் ஒன்று, மற்றவை கண்கட்டு என்று கதைக்குள்ளேயே ஒரு காரணமும் சொல்லியிருப்பார்கள். எது உண்மை என்பதை வாசகர் முடிவு செய்யலாம். எங்கள் குழுவில் அந்த முதியவர் இறந்த ஒரு ஐந்தாம் அத்தியாயமும் இறக்காத இன்னொன்றும் அருகருகே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஆயிரமாவது எண்ணுக்கும் போட்டி வைப்பார்கள். 2000க்கு அறிவியல் புனைவு, 3000க்குத் திகில், 4000க்கு வரலாறு என்று கருப்பொருள் தருவார்கள். அதிக வாக்கு பெறும் கோப்புக்கு அந்த எண். 3000ஆம் எண்ணில் இருப்பது நம் வங்காள விரிகுடாவின் அடியில் கிடக்கும் ஒரு மாபெரும் விலாங்கு. அனந்தசேஷன் என்று பெயர். அதை மூன்று பேர் சேர்ந்து எழுதினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் அந்த இடத்திலும் ஒரே பிரதிக்குள் கைகோத்து எழுதும்போது கூட்டம் மூன்றாகச் சுருங்கிவிட்டதைப் பாருங்கள்.

உள்ளே நுழைவதற்கும் ஒரு சின்னச் சோதனை வைத்திருந்தார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சேர விரும்புகிறவர் ஒரு கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்தச் சொல் விதிகள் எழுதிய பக்கத்துக்குள்ளேயே இருக்கும். விதிகளைப் படித்தவருக்கு அது கண்ணில் படும். படிக்காதவர் வெளியே நிற்பார். எழுத்துத் திறமையைச் சோதிக்கவில்லை, பொறுமையைச் சோதித்தார்கள்.

பட்ட அடிகள்

இதெல்லாம் முதல் நாளே தெளிவாக இருந்துவிடவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவர்கள் தங்களையே கதாபாத்திரமாக்கிக்கொண்டார்கள். எழுதுகிறவரே அந்த நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி, எந்த ஆபத்தான பொருளையும் கையில் வைத்து விளையாடுவார். அந்தக் கூட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். புதிதாக வந்தவருக்கு அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்கும் சிரிப்பு. நாளடைவில் அந்த வழக்கம் மங்கியது. தொடக்கக் காலக் கோப்புகளில் பலவீனமானவற்றைக் கூட்டாக உட்கார்ந்து களையவும் செய்தார்கள்.

வாக்குக்கும் விலை உண்டு. முதன்முதலாக எழுதிய ஒருவர் மூன்று வாரம் உழைத்துப் போட்ட கோப்பு ஒரே நாளில் கழித்தல் 10க்குப் போய்விடும். பத்துப் பேர் காரணமே சொல்லாமல் ‘வேண்டாம்’ என்றால் எப்படி இருக்கும்? அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்? இந்த இடத்தில் அந்த முறை கடுமையானது என்றே சொல்வேன். அவர்களும் அதை உணர்ந்தார்கள். அதனால் தீர்ப்புக்கு முன்னால் உதவி என்று ஒரு படியைச் சேர்த்தார்கள். முதலில் கருவை மட்டும் சில வரியில் சொல்ல வேண்டும். பழகிய விமர்சகர்கள் பார்த்துச் சரி என்றால்தான் முழு வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லக் கேட்கலாம். ஐந்து வரியில் ஒரு யோசனை அடிபடும்போது வலி குறைவு. ஐயாயிரம் சொல் அடிபடும்போதுதான் ஆள் உடைந்துபோகிறார்.

உரிமை விஷயத்தில் பட்ட அடிதான் பெரிது. முதல் கோப்பில் இருந்த சிலையின் படம் ஜப்பானியக் கலைஞர் இஸுமி கடோ 2004இல் செய்த ஒரு சிற்பத்தின் புகைப்படம். அவரிடம் யாரும் முன்னால் கேட்டிருக்கவில்லை. அவர் பெருந்தன்மையாக, வியாபாரம் இல்லாத வரை பரவாயில்லை என்று விட்டிருந்தார். ஆனால் தன் படைப்பு உலகமெங்கும் ஒரு கொலைகாரப் பொம்மையாக அறியப்படுவதைப் பார்க்கும் ஒரு கலைஞரின் நிலையை யோசியுங்கள். 2022இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். இன்று அந்தக் கோப்பில் படம் இல்லை, எழுத்து மட்டும் நிற்கிறது. நிற்கவும் செய்கிறது.

எழுத்துகள் எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், உருவாகும் புதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். பலர் எழுதிய ஒன்றைத் தனி ஒருவர் வளைத்துப் போடாமல் இருக்க இது நல்ல வேலி. ரஷ்யாவில் ஒருவர் அந்தப் பெயரையும் சின்னத்தையும் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டு மற்றவர்களை மிரட்டியபோது, 2019இல் அந்தச் சமூகம் பணம் திரட்டி வழக்காட வேண்டிவந்தது. இழுபறிக்குப் பிறகு அந்தப் பதிவு நீங்கியது. வேலியின் மறுபக்கமும் உண்டு. அந்த உலகத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஒரு தொடரைப் பெரிய பதிப்பகம் 2025இல் நூலாக வெளியிட்டபோது, பொது உலகத்துக்குச் சேர்ந்த பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கி மாற்றி எழுத வேண்டியிருந்தது. உரிமத்தை முதல் நாளே எழுதிவைக்காத குழு இந்த இரண்டில் எந்தப் பக்கமும் போக முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

இத்தாலிக்காரர்களின் வழி

எஸ்சிபி முறையில் ஒன்று முடியாது. முழு நாவல். ஆயிரம் கோப்புகள் சேர்ந்து ஓர் உலகம் ஆகலாம், ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கூட்டிக்கொண்டு போக முடியாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இத்தாலியில் கிரெகோரியோ மாஜினி, வான்னி சாந்தோனி என்ற இரு இளம் எழுத்தாளர்கள் அதே 2007இல் ஒரு முறையை வகுத்தார்கள். ‘சிக்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆலையில் பொருள் செய்வது போலக் கூட்டாக எழுதுவது என்று அதன் முழுப் பெயருக்குப் பொருள். தொகுப்பாளர் ஒருவர் இருப்பார். அவர் ஒரு பாத்திரத்துக்கோ இடத்துக்கோ காட்சிக்கோ ஒரு தாளை வகுத்து அனுப்புவார். அந்த ஒரே தாளைப் பல எழுத்தாளர்கள், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக எழுதி அனுப்புவார்கள். வந்தவற்றிலிருந்து சிறந்த பகுதிகளை எடுத்துத் தொகுப்பாளர் ஒன்றாகக் கோத்து, இறுதித் தாள் என்று எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். அடுத்த தாளை எல்லோரும் அதிலிருந்து தொடங்குவார்கள். முதலில் ஆட்கள், அப்புறம் இடங்கள், அதன் பிறகுதான் காட்சிகள்.

இதன் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. தொகுப்பாளர் எழுதக் கூடாது. வந்ததில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், எதையும் எதோடும் ஒட்டலாம், தன் கற்பனையை மட்டும் சேர்க்கக் கூடாது. வெட்டுகிறவர் கையில் அவருடைய பிள்ளை எதுவும் இல்லை. அதனால் வெட்டுப்பட்டவருக்கு, அவர் தன்னுடையதை வைப்பதற்காக என்னுடையதை எடுத்துவிட்டார் என்ற சந்தேகம் வராது. லாரி ஏற்றியவர் மேல் அந்த அக்காவுக்கு வந்த மனத்தாங்கலில் பாதி அந்தச் சந்தேகம்தான்.

முதலில் சின்னக் குழுக்களை வைத்துச் சிறுகதைகள் எழுதிப் பார்த்தார்கள். முறை பழகிய பிறகு, இணையம் வழியாக அழைப்பு விட்டுப் பெரிய நாவலுக்கு இறங்கினார்கள். களம் 1943 செப்டம்பர் 8க்குப் பிந்தைய இத்தாலி. நேச நாடுகளுடன் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டு, ஜெர்மானியப் படை நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்ட காலம். கடற்படையிலிருந்து வெளியேறி வீடு நோக்கிப் போகும் மத்தேயோ, மிலானில் இருக்கும் அவன் சகோதரி, அவள் கணவன் என்று மூன்று பேரின் கதை. பங்கெடுத்தவர்களிடம் முதலில் கேட்டது கற்பனையை இல்லை, குடும்பத்தில் தாத்தா பாட்டி சொன்ன போர்க்காலச் சம்பவங்களை. இந்த ஒன்றுதான் அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். ஏன் நூறு பேர் வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. ஒரே எழுத்தாளர் நூறு வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டிருக்க முடியாது. 2013இல் ரோமின் மினிமும் ஃபாக்ஸ் பதிப்பகம் அந்த நாவலை வெளியிட்டது. எழுதியவர்கள் 115 பேர்.

இந்த முறையிலும் இழப்பு உண்டு. பலர் எழுதிய ஒரே காட்சியிலிருந்து கோக்கும்போது எல்லோருடைய விசித்திரங்களும் கொஞ்சம் உதிர்ந்துவிடும். நடுவாந்திரமான ஒரு நடை உட்கார்ந்துகொள்ளும். தன் வாக்கியம் தன்னுடையதாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவர் அங்கே தவித்துப்போவார். அப்படிப்பட்டவரை எஸ்சிபி மாதிரி ஏற்பாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எங்கள் குழு, இரண்டாம் முறை

இவ்வளவையும் படித்துவிட்டுப் பழைய நண்பர்களைத் திரும்பக் கூட்டினேன். 11 பேரில் எட்டுப் பேர் வந்தார்கள். அந்த அக்காவையும் கேட்டேன். “சாகடிக்க மாட்டீங்கன்னா வரேன்” என்றார். கதை என்ன என்பதைப் பேசும் முன்பு எதை யார் அழிப்பது என்று பேசினோம். அதற்கே இரண்டு மாலை ஆனது, வீணாகவில்லை.

எட்டுப் பேருக்கு வாக்கு வைப்பது சரிப்படாது. எட்டுப் பேருக்குள் யார் கழித்தல் போட்டார் என்பது தெரிந்துவிடும், அப்புறம் தேநீருக்குக் கூப்பிட முடியாது. அதனால் இத்தாலிக்காரர்களிடமிருந்து எழுதாத தொகுப்பாளரை எடுத்துக்கொண்டோம். மூன்று மாதத்துக்கு ஒருவர். அந்த மூன்று மாதம் அவர் எதுவும் எழுதமாட்டார். எஸ்சிபியிடமிருந்து தனித்தனிக் கோப்பையும், முழுதாக ஏற்பது அல்லது திருப்பி அனுப்புவது என்ற வழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம். வாக்கியத்தில் கைவைக்கக் கூடாது, காரணம் எழுதித்தான் திருப்ப வேண்டும். முதலில் கருவை ஐந்து வரியில் சொல்ல வேண்டும். இன்னொருவர் உருவாக்கிய ஆளை உங்கள் பதிவுக்குள் நடக்கவைக்கலாம், பேசவைக்கலாம். அவருக்குத் திரும்ப முடியாத ஒன்று நடக்க வேண்டுமானால் உருவாக்கியவரிடம் கேட்க வேண்டும். உரிமம் என்ன என்பதையும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் சரி என்று பதில் போட்டோம். வாட்ஸப்பில் பேச்சு மட்டும், பதிவுகள் எல்லாம் ஒரே கூகுள் கோப்புறையில், பதிவுக்கு ஒரு ஆவணம். பேச்சும் கதையும் ஒரே இடத்தில் கிடந்தால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மூன்றாம் அத்தியாயத்தைத் தேட வேண்டியிருக்கிறது, முந்தைய முறை அதுவும் நடந்தது.

வடிவத்துக்குத்தான் அதிகம் யோசித்தோம். ஆளை விழுங்காத, ஆனால் குரல் வித்தியாசத்தை விழுங்குகிற ஒரு அச்சு வேண்டும். ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர்தான் சொன்னார்: சின்ன ஜங்ஷன் ஒன்றின் தவறவிட்ட பொருட்கள் பதிவேடு. வரிசை எண், தேதி, கிடைத்த இடம், பொருளின் விவரம், கேட்டு வந்தவர், குறிப்பு. ஆறு பத்தி. எழுதுகிறவர் அந்த நிலையத்தின் எழுத்தர், அவருக்குப் பெயர் கிடையாது.

முதல் பதிவு அக்காவுடையது. முன்பதிவில்லாத பெட்டியின் இருக்கைக்கு அடியில் கிடைத்த ஒரு மூக்குக் கண்ணாடி, இடது காம்பு நூலால் கட்டியது, துணிப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு. கேட்டு வந்தவர்: எவருமில்லை. குறிப்புப் பத்தியில், பதினைந்து நாளைக்கு ஒருமுறை நூலை மாற்றிக் கட்டி வைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

நான்காம் பதிவை எழுதியது லாரி ஏற்றிய அதே தம்பி. பொருள் ஒரு நூல்கண்டு. கேட்டு வந்தவர் என்ற பத்தியில், வயது 70 மதிக்கத்தக்க ஆண், பார்வை மங்கல், கண்ணாடி பற்றி விசாரிக்கவில்லை, நாளை வருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன் அக்காவிடம் கேட்டாராம்.